கேப்ஸ்யூலை மாற்ற இப்போதே சம்மதிக்காதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அவசரத்தில் எதையாவது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பாதியில் நிறுத்திவிட்டேன். நீ கேட்டிருப்பது நாம் பதிவு வேலை பழகிய சாரின் யூ 67 மைக்கைப் பற்றி. அதற்கு நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல் (ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வும் அதன் பின்தகடும் சேர்ந்த பாகம்) போய்விட்டது, புதிது போட வேண்டும், உள்ளே இருக்கும் கண்டென்சர்களையும் (மின்தேக்கிகளையும்) ஒன்றுவிடாமல் மாற்றிவிடலாம் என்று அந்தப் பழுதுபார்ப்பவர் சொன்னாரே, அதற்கு இப்போதே சம்மதிக்காதே. அவர் சொல்வது தப்பு என்று இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் உன் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "ஆன் பண்ணியதும் படபடவென்று பொரிகிறது, இருபது நிமிஷம் போனால் அடங்கிவிடுகிறது." இந்த வரியை அவரிடம் சொன்னாயா? கிழிந்த சவ்வோ, தளர்ந்துபோய்ப் பின்தகட்டில் ஒட்டிக்கொண்ட சவ்வோ இருபது நிமிஷத்தில் தானாகக் குணமாகாது. வால்வு என்ற வெற்றிடக் குழாய் சூடேறி உள்ளே கதகதப்பு பரவியதும் அடங்குகிற சத்தம் என்றால், எனக்கு முதலில் தோன்றுவது ஈரமும் அழுக்கும்தான்.

இப்படி அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு மழை மாதங்களில் என் யூ 87 மைக் இதே வியாதியில் விழுந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி நீ கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். உடம்பு பரவாயில்லை. காதுதான் குறைந்துகொண்டு வருகிறது. போன ஆண்டு பரிசோதித்துக்கொண்டேன். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு காதிலும் சரிவு. பேச்சு, பாட்டு எல்லாம் நன்றாகவே கேட்கிறது. ஆனால் ஒரு மைக்கின் மேல்ஸ்தாயி சரியாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இனி எனக்கில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இப்போது மகள்தான் என் காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறாள். நாம் அந்த வயதில் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்காருகிறாள். பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு பாடகியைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். மௌனமான இடங்களில் தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், ப்ரீஆம்ப் சேனலை மாற்றினேன், வேறு மைக்கை அதே கேபிளில் மாட்டிப் பார்த்தேன். சத்தம் யூ 87-ஐ விட்டு நகரவில்லை. இரண்டு வாரத்தில் அது பொரிச்சலாக வளர்ந்தது. அதோடு குரலின் அடிப்பகுதியும் மெலிந்துவிட்டது போல எனக்கே தெரிந்தது.

முதலில் போன இடத்தில் இரண்டே நாளில் பதில் வந்தது. கேப்ஸ்யூல் அவுட், புதிது போட்டால் புது மைக் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "சத்தத்தைக் கேட்டாலே தெரியுது சார்" என்றார். வேறு சோதனை எதுவும் செய்யவில்லை. அந்த ஒரு பதிலுக்காகத்தான் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். இல்லையென்றால் அன்றைக்கே சரி என்று சொல்லியிருப்பேன். சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். மைக்கைக் கையில் வாங்கியதும் அவர் திறக்கவே இல்லை. காற்றுப் புகாத ஒரு டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு வைத்து மூடி, "மூன்று நாள் கழித்துப் பேசுவோம்" என்றார். மூன்று நாளில் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அதிலேயே ஈரத்துக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். கேப்ஸ்யூலை இணைப்பிலிருந்து கழற்றி ஓரமாக மூடி வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 68 பைக்கோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வைத்தார். உடல் கூட்டை மூடி, 48 வோல்ட் கொடுத்து, ஹெட்போனை என் மகளிடம் நீட்டினார். பொரிச்சல் அப்படியே இருந்தது. கேப்ஸ்யூலே இல்லாதபோதும் சத்தம் வருகிறதென்றால் குற்றம் கேப்ஸ்யூலினுடையது இல்லை. ஐந்து நிமிஷ வேலை. முதல் இடத்தில் இதைச் செய்து பார்த்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினார். கேப்ஸ்யூலோடு சேரும் 1 ஜிகா ஓம் ரெசிஸ்டரைச் (மின்தடையை) சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு மினுமினுப்பு. எப்போதோ யாரோ எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டரை மாற்றிச் சால்டர் வைத்துவிட்டு, சால்டருக்குப் போடும் ஃப்ளக்ஸ் பசையைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பசை வருஷக்கணக்காகத் தூசியையும் ஈரத்தையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போர்டைச் சுத்தம் செய்து, உலரவிட்டு, மறுபடி மூடினார். மௌனம். அந்த மௌனத்தைக் கேட்டு என் மகள் சிரித்த சிரிப்பை உனக்கு எழுதிக் காட்ட முடியவில்லை.

இது ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்று நீ கேட்பாய். உனக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். கேப்ஸ்யூலின் மின்தேக்கம் சில பத்து பைக்கோஃபாரட்தான். 60 என்று வைத்துக்கொள். அதோடு 1 ஜிகா ஓம் சேர்ந்தால் அடிஸ்தாயி குறையத் தொடங்கும் எல்லை 3 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். நாம் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு விரல்ரேகை, கொஞ்சம் ஃப்ளக்ஸ், வருஷக்கணக்கான மூச்சுக்காற்றின் படிவு, இதில் ஏதாவது ஒன்று அந்தத் தடைக்கு இணையாகப் பாதை போட்டு மொத்தத்தை 10 மெகா ஓமுக்கு இறக்கிவிட்டது என்று வை. அந்த எல்லை 265 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பேசும் ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. அதோடு, கேப்ஸ்யூலுக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தமும் கசிந்து குறைவதால் மொத்த ஒலியே மங்கும். அந்தக் கசிவு சீராகவும் நடப்பதில்லை, விட்டு விட்டு நடக்கிறது. நாம் பொரிச்சல் என்று கேட்பது அதைத்தான். வேறு எந்தக் கருவியிலும் ஒரு விரல்ரேகை இவ்வளவு தீங்கு செய்து நான் பார்த்ததில்லை.

கேப்ஸ்யூலை அவர் தொட்டது கடைசியில்தான். முன்பக்கத் தங்கப்பூச்சின்மேல் பாடகர்களின் மூச்சு பனிமூட்டம் போலப் படிந்திருந்தது. சுத்தம் செய்யட்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். காய்ச்சி வடித்த நீர், மிக மெல்லிய தூரிகை. தேய்க்கவில்லை, நீரில் நனைத்து நனைத்துக் கரைத்து எடுத்தார். சுமார் 6 மைக்ரான் தடிமன் உள்ள சவ்வு அது, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் ஆவியாகப் படியவைத்த தங்கம். அரைமணி நேரம் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ இதைத் தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதே. அழுத்தக் காற்று டப்பாவை வைத்து ஊதவும் செய்யாதே. நடுவில் இருக்கும் சின்னத் திருகில் ஸ்க்ரூடிரைவர் ஒரு முறை வழுக்கினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது உன் கையில் இருக்கும் மைக்குக்கு வருகிறேன். யூ 67 வால்வு மைக் என்பதால் அங்கே சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இன்னும் கொஞ்சம் அதிகம். பொரிச்சலோடு ஒரு ரீங்காரமும் இருப்பதாக எழுதியிருக்கிறாய், அது சூடேறினாலும் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் இரண்டு வியாதி தனித்தனியாக இருக்கலாம். ரீங்காரத்துக்கு முதல் சந்தேகம் பவர் சப்ளை. அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் பல பத்தாண்டுகளில் உலர்ந்து தளர்ந்துபோவது இயல்பு. அவற்றை மாற்றுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, அவை தேயும் பொருள். மைக்குக்குள் சிக்னல் போகும் பாதையில் இருக்கும் கண்டென்சர்கள் வேறு விஷயம். அளந்து பார்த்துக் கசிகிறது என்று தெரிந்ததை மட்டும் மாற்றச் சொல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பழுதாக இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். பிறகு ஒலி வேறு மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் திரும்பிப் போக வழி இருக்காது.

வால்வையும் பார்க்கச் சொல். அதில் இருக்கும் இ.எஃப் 86 இன்றும் தயாராகிறது; ஆனால் மைக்கில் போடும் அளவுக்குச் சத்தமில்லாத ஒன்றைப் பலவற்றிலிருந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அதைவிடப் பழைய யூ 47 மைக்கை வைத்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தால் நாம் பாக்கியசாலிகள். அதன் வி.எஃப் 14 வால்வைத் தயாரிப்பதே நின்றுபோய், அந்த மைக்கும் நின்றுபோனது. அந்தக் கால எம் 7 கேப்ஸ்யூல்களில் இருந்த பி.வி.சி. சவ்வும் வயசானால் இறுகி வெடிக்கும். சாரின் மைக்கில் இருப்பது பாலியஸ்டர் சவ்வு. அது அப்படி வயசாவதில்லை. உன் கேப்ஸ்யூல் இன்னும் உயிரோடு இருக்கும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அளந்து பார்த்து உண்மையிலேயே கேப்ஸ்யூல் போய்விட்டது என்று தெரிந்தால்? அப்போது வருத்தப்படுவேன், ஆனால் எதிர்க்க மாட்டேன். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழைய பித்தளைப் பின்தகட்டை வைத்துக்கொண்டு அதன்மேல் புதுச் சவ்வை மட்டும் இழுத்துக் கட்ட முடியுமா? அந்தத் தகட்டில் போட்டிருக்கும் துளைகளின் ஆழமும் இடமும்தான் அந்த ஒலியின் பெரும்பகுதி. சவ்வின் இழுவிசை சரியாக வந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போனால், சாரின் மைக் சாரின் மைக்காகவே இருக்கும். இழுவிசையை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டுப் பார். தடுமாறினால் அவரிடம் கொடுக்காதே. முழுக் கேப்ஸ்யூலையே மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த மைக்குக்கே உரிய கே 67 வகையைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதே. அந்தக் கேப்ஸ்யூல் மேல்ஸ்தாயியில் எழும்பும். அந்த எழுச்சியைச் சமன்செய்துதான் யூ 67-இன் சர்க்யூட்டை அமைத்திருக்கிறார்கள். எழும்பாத கேப்ஸ்யூல் ஒன்றை அங்கே போட்டால் போர்வையைப் போர்த்தியது போல மந்தமாகிவிடும். 1960-இல் வந்த மைக்தான் என்றாலும் 2018-இல் அதை மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆகவே பாகமே கிடைக்காது, கிடைத்ததைப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்கு இப்போது ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. "என்ன மாற்றுவீர்கள்" என்று கேட்காதே. "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்" என்று கேள். அதற்குப் பொறுமையாக, வரிசையாகப் பதில் சொல்கிறவரிடம் கொடு. கழற்றிய பாகங்கள் அத்தனையும், தூக்கிப்போட வேண்டியதாகத் தோன்றும் கண்டென்சர் உட்பட, திரும்ப வேண்டும் என்று எழுதியே கொடு. தொடர் எண் தெரிகிற மாதிரியும், உள்பக்கத்தை அவர் திறக்கும்போதும் படம் எடுத்து வைத்துக்கொள். அனுப்பும்போது மைக்கை அதன் மரப்பெட்டியிலேயே வை. சிலிக்கா ஜெல்லோடு ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கி, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டு. பவர் சப்ளையையும் பல பின் கேபிளையும் சேர்த்தே அனுப்பு. பழுது அவற்றில் இருக்கக்கூடும். ஆனால் ஒரே பெட்டியில் போட்டுவிடாதே, அந்த இரும்புக் கனம் மைக்கின்மேல் விழுந்தால் தாங்காது.

நீயாக வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வலைத் தலையைக் கழற்ற வேண்டாம். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் கண்டென்சர்களில் தங்கி நிற்கும். கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் அணைத்துவிட்டுத்தான் என்று சார் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய்.

சாரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

நாம் சேர்ந்து இரண்டாவது வருஷம். நீ விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தாய். அதே யூ 67-இன் பேட்டர்ன் சுவிட்ச், எந்தப் பக்கத்து ஒலியை வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது, கொஞ்சம் கரகரத்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு காண்டாக்ட் கிளீனரை எடுத்து அந்தச் சுவிட்சுக்குள் அடித்துவிட்டேன். மிக்ஸரின் ஃபேடர்களுக்கு அதைத்தானே அடித்துக்கொண்டிருந்தோம். இங்கே அது கூடாது, அது விட்டுச் செல்லும் எண்ணெய்ப் படலமே மின்சாரம் கசியப் பாதையாகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் பாடகர் வந்து நின்றபோது மைக் பொரிந்து தள்ளியது. நான்தான் அடித்தேன் என்று சாரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைய பதிவை வேறு மைக்கில் முடித்துவிட்டு, எல்லோரும் போன பிறகு விளக்கைப் போட்டு உட்கார்ந்து, விடியும் வரை அந்தச் சுவிட்சைச் சுத்தம் செய்தார். நான் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். காலையில் மைக் சரியாகிவிட்டது. அதை அந்தத் துணிப்பைக்குள் போட்டுக் கயிறு கட்டும்போது, "இனிமே தெரியாததைத் தொடாதே, கேட்டுட்டுத் தொடு" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு எட்டாத மூலையில் ஏதாவது மிச்சம் இருந்திருக்கலாம். அது இப்போது தூசியைச் சேர்த்துக்கொண்டு கசிகிறதோ என்று உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஓயாத நினைப்பு. ஆகவே பழுதுபார்ப்பவரிடம் இதையும் கண்டிப்பாகச் சொல். பேட்டர்ன் சுவிட்சில் ஒருமுறை காண்டாக்ட் கிளீனர் பட்டிருக்கிறது, அங்கே முதலில் பாருங்கள் என்று சொல். யார் செய்தது என்று கேட்டால் என் பெயரையே சொல்.

அது சுவிட்சா இல்லையா என்பதற்கு உன்னாலேயே ஒரு குறிப்பு எடுக்க முடியும். இரண்டு நாள் ஆன் பண்ணாமல் வைத்திருந்துவிட்டு, ஆட்கள் இல்லாத அறையில் ஆன் பண்ணு. முதல் மூன்று நிமிஷத்துக்குள் கார்டியாய்டு (முன்பக்கம்), ஆம்னி (எல்லாப் பக்கமும்), ஃபிகர் எயிட் (முன்னும் பின்னும்) மூன்றிலும் வெறும் மௌனத்தை ஒவ்வொரு நிமிஷம் பதிவு செய். கெயினை ஒரே இடத்தில் வை. இருபது நிமிஷம் கழித்து மூன்றையும் மறுபடி பதிவு செய். கார்டியாய்டில் முன்பக்கச் சவ்வு மட்டும்தான் சிக்னல் தருகிறது. பொரிச்சல் அங்கே இல்லாமல் மற்ற இரண்டில் மட்டும் இருந்தால் பின்பக்கச் சவ்வையோ, அதற்குப் போகும் பாதையையோ, அந்தச் சுவிட்சையோதான் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் வேறு இடம்.

ஆறு நிமிஷப் பதிவையும் எனக்கு அனுப்பு. மகள் கேட்டுச் சொல்வாள். அதுவரை மைக்கை யாரிடமும் கொடுக்காதே. அந்தத் துணிப்பை இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி